எண்ணும் எழுத்தும்: ஊர்காவற்றுறைத் தீவுகளின் கல்வி வரலாறு தரும் பாடம்

ஒரு பிரதேசத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடசாலைகள் தோன்றிய ஆண்டுகளையும் அவற்றை நிறுவிய பெரியார்களின் பெயர்களையும் நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். அப்பாடசாலைகளிற் பயின்ற பிள்ளை எதனை வாசித்தது, எதனைக் கணக்கிட்டது, அவ்வாசிப்பும் கணிப்பும் அதன் வாழ்வுக்கு எவ்வாறு உதவின என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. இவ்வினாக்களோடு நோக்குமிடத்து, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களின் வரலாறு கல்வியியலாளர் கவனத்துக்குரிய ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. எழுத்தறிவும் எண்ணறிவும் தொழிலோடும் சட்டத்தோடும் சமயத்தோடும் இணைந்து நின்ற காலங்களில் அவை வலுப்பெற்றன. இரண்டும் தனித்தனிப் பாடவேளைகளுள் அடைபட்ட காலத்தில் நலிவுற்றன. இக்கூற்றினை வரலாற்றுச் சான்றுகள் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைமுகமும் கல்வெட்டும்

தீவுப்பகுதியிற் கிடைத்த எழுத்துச் சான்றுகளுள் தலையாயது நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டாகும். கி.பி. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைக் கூறும் இக்கல்வெட்டினைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963 ஆம் ஆண்டிலே வெளியிட்டார். ஊராத்துறை என்று இக்கல்வெட்டுக் குறிப்பிடும் துறையே இன்றைய ஊர்காவற்றுறையாகும். பரதேச வணிகர் அத்துறையில் வந்திறங்க வேண்டும் எனவும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்பட வேண்டும் எனவும் மன்னன் பணிக்கின்றான். அதனைத் தொடர்ந்து உடைந்துபோகும் மரக்கலங்கள் பற்றிய விதி கூறப்படுகின்றது. யானைகளையும் குதிரைகளையும் கொண்டுவரும் கலம் உடையுமாயின் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. ஏனைய வணிகச் சரக்குகளை ஏற்றிய கலம் உடையுமாயின் சரிபாதி பண்டாரத்துக்கும் மறுபாதி உடையவனுக்கும் உரியன. கல்லிலும் செம்பிலும் எழுதுவிக்கப்பட்டமை இவ்விதியின் நிலைபேற்றுக்குச் சான்றாகும்.

இச்சாசனம் அரசியல் வரலாற்றுக்கும் வணிக வரலாற்றுக்கும் பயன்பட்டுள்ள அளவுக்குக் கல்வி வரலாற்றுக்குப் பயன்படவில்லை. துறைமுகத்திற் கடமை புரிந்த அலுவலன் ஒருவனின் நிலையிலிருந்து இதனை நோக்குதல் வேண்டும். கரையொதுங்கிய கலம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அவன் விதியின் சொற்களைக் கொண்டு தீர்மானித்தல் வேண்டும், அது வாசிப்பு. மீட்கப்பட்ட பொருள் எண்ணூறு காசு பெறுமாயின், குதிரைக் கலத்திலிருந்து இருநூறு காசும் சரக்குக் கலத்திலிருந்து நானூறு காசும் பண்டாரத்தைச் சேரும் என அவன் கணித்தல் வேண்டும், அது எண். வாசிப்பிற் பிழை நேரின் கணிப்புச் சரியாயினும் வணிகன் இருநூறு காசை இழப்பான்; கணிப்பிற் பிழை நேரின் வாசிப்புச் சரியாயினும் நீதி தவறும். இவ்விரு திறன்களும் ஒருவனிடத்தே ஒருங்கமைந்தாலன்றி மன்னனின் நீதி செயற்படாது. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஊர்காவற்றுறையில் எழுத்தும் எண்ணும் ஒரே கடமையின் இரு கூறுகளாக விளங்கின என்பது இதனாற் பெறப்படும்.

திண்ணைப் பள்ளிக் கல்வி

எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் இரு கண்களுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். ஒரு கண்ணை மூடி நோக்குபவனுக்குப் பொருள் தெரியுமாயினும் அதன் தூரம் நன்கு துலங்காது. இவ்வுவமையின் பொருத்தத்தைத் திண்ணைப் பள்ளிகள் ஒருவாறு உணர்ந்திருந்தன எனலாம். மணலில் விரலால் எழுதப் பழகிய பிள்ளை, பின்னர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதியது. அரிச்சுவடியை அடுத்து எண்சுவடி கற்பிக்கப்பட்டது. முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, காணி என்னும் எண்பதில் ஒரு பங்கு, மா என்னும் இருபதில் ஒரு பங்கு, வீசம் என்னும் பதினாறில் ஒரு பங்கு ஆகிய கீழ்வாய் இலக்கங்கள் வாய்ப்பாடாக ஓதப்பட்டன. நெல்லிலக்கம் அளவைகளையும், நிகண்டு சொற்பொருளையும், நீதி நூல்கள் ஒழுக்கத்தையும் புகட்டின.

பனை செறிந்த தீவுகளில் ஓலைக்குப் பஞ்சமில்லை. காணி உறுதியும் சீதன உறுதியும் கோயிற் கணக்கும் ஓலையிலேயே எழுதப்பட்டன. குடாநாட்டிலும் தீவுகளிலும் நிலம் இன்றும் பரப்பு என்னும் அளவினாலேயே பேசப்படுகின்றது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கராகும். ஆகவே காணியைப் பங்கிடும் குடும்பத்தவர் பதினாறில் ஒன்று, எட்டில் ஒன்று என்னும் பின்னங்களை வாழ்க்கைத் தேவையாகவே அறிந்திருந்தனர். வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களிலிருந்து தென்னிலங்கைக்குச் சென்று கடை நடத்தியோர்க்கும் கணக்கப்பிள்ளைகளாக அமர்ந்தோர்க்கும் பேரேடும் ஐந்தொகையும் பிழைப்பாகவே அமைந்தன.

எனினும் திண்ணைப் பள்ளியைப் பொற்காலக் கல்வியாகப் போற்றுவது வரலாற்று நேர்மையாகாது. பொருளுணராது மனனஞ் செய்தல் அதன் பெருங்குறையாகும். அதனினும் பெரிய குறை, சாதியாலும் பாலாலும் ஒதுக்கப்பட்டோர்க்கு அதன் வாயில் அடைபட்டிருந்தமையாகும். படகின் பாரமும் நீரோட்டத்தின் விரைவும் வலையின் கண்ணளவும் கைவரப் பெற்ற கடற்றொழிலாளி பலர் தம் பெயரை எழுத அறியாதிருந்தனர். அவர்தம் எண்ணறிவு எழுத்தின் துணையின்றி நின்றமையால், கடன் பத்திரத்தின் முன்னே அது செயலற்றுப் போயிற்று. திண்ணைப் பள்ளி கண்ட ஒருங்கிணைப்பு, சமுதாயத்தின் ஒரு பகுதியினர்க்கே உரியதாயிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இக்கல்விமுறையின் ஒரு கூறு உலகளாவிய செல்வாக்கினைப் பெற்றமையும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. சென்னையில் அநாதைச் சிறுவர் பாடசாலையொன்றை நடத்திய அந்திரு பெல் என்பார், மணலில் எழுதிப் பழகும் முறையையும் மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையையும் கைக்கொண்டு, 1797 ஆம் ஆண்டில் அதுபற்றி நூல் வெளியிட்டார். பின்னர் அம்முறை இங்கிலாந்திலும் பரவியது.

ஒல்லாந்தர் காலமும் மிசனரிமார் காலமும்

1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நிற்கும் கடற்கோட்டையும் அவ்வாண்டிலேயே அவர்களிடம் வீழ்ந்தது. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பால்தேயுஸ் பாதிரியார், 1672 இல் வெளிவந்த தம் நூலிலே குடாநாட்டினதும் தீவுகளினதும் கோயிற்பற்றுகளையும் அவற்றைச் சார்ந்த பாடசாலைகளையும் விவரித்துள்ளார். இப்பாடசாலைகளிற் சமய வினாவிடையை மனனஞ் செய்தலும் வாசிப்பும் எழுத்துமே முதன்மை பெற்றன. எனினும் உபாத்தியாயர் கற்பித்தலோடு நின்றுவிடவில்லை. ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றைப் பாடசாலைத் தோம்பிலே பதியும் கடமையும் அவருடையதாயிற்று. முதுசொம் உரிமை இப்பதிவில் தங்கியிருந்தமையால், பாடசாலை ஊரின் பதிவகமாகவும் விளங்கியது. மக்கள் விரும்பியோ விரும்பாமலோ எழுத்தின் அதிகாரத்தை நேரிற் கண்ட இடம் அதுவே எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிசனரிமார் 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறி, கடலுக்கு அப்பாலிருந்த தீவுகளையும் பாதித்த ஒரு மாற்றத்தின் தொடக்கமாயிற்று. கணிதமும் வானியலும் அங்கே உயர்தரத்திற் கற்பிக்கப்பட்டன. அச்செமினறியில் உருவான கறல் விசுவநாதபிள்ளை 1855 ஆம் ஆண்டில் அட்சரகணித நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பெரும்பணியை மேற்கொண்டார். ஒவ்வொரு துறைக்கும் உரிய தமிழை ஆக்கினாலன்றி அத்துறையை மாணாக்கர் மனத்திற் பதிக்க இயலாது என்னும் உண்மையை இம்முயற்சிகள் உணர்த்தின. மருத்துவம் கற்பித்தவரே மொழியையும் கற்பித்தார். கணிதம் எழுதியவரே கலைச்சொல்லையும் படைத்தார்.

மறுபுறத்தில் ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பாலபாடங்களை வெளியிட்டார். செய்யுளை மனனஞ் செய்வதிலிருந்து உரைநடையை உணர்ந்து வாசிப்பதற்குப் பிள்ளையை அழைத்துச் சென்றமையே அப்பாலபாடங்களின் கல்வியியற் சிறப்பாகும். சமயமும் ஒழுக்கமும் அவற்றிலே வாசிப்புப் பாடத்தின் பொருளாயின. மிசனரிமாரும் நாவலரும் சமயத்தால் எதிரெதிர் நின்றனராயினும், பொருளோடு சேர்த்தே எழுத்தைக் கற்பிக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர்.

பிரிவினை நிகழ்ந்த விதம்

எண்ணும் எழுத்தும் தனித்தனிக் கூறுகளாகப் பிளவுண்டமைக்கு நிருவாகமே பெரிதும் காரணமாகும். இங்கிலாந்தில் 1862 ஆம் ஆண்டில் றொபேட் லோ என்பார் பெறுபேற்றுக்கேற்ற நன்கொடை முறையைப் புகுத்தினார். வித்தியாதரிசி ஆண்டுக்கொருமுறை வந்து, வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய மூன்றிலும் பிள்ளைகளைத் தனித்தனியே சோதிப்பார். சித்தியடைந்த தொகைக்கேற்பப் பாடசாலைக்குப் பணம் கிடைக்கும். வித்தியாதரிசியாகப் பணிபுரிந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட், இம்முறை கல்வியை இயந்திரச் செயலாக்குகின்றது எனக் கண்டித்தார். இலங்கையில் 1869 ஆம் ஆண்டிற் பொதுப் போதனாத் திணைக்களம் உருவானதைத் தொடர்ந்து இத்தகைய நன்கொடை முறையே இங்கும் நடைமுறைக்கு வந்தது.

இம்முறையினால் பாடசாலைகள் பெருகின என்பது மறுக்கவியலாதது. மிசன் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் ஊர்தோறும் எழ அது வழிவகுத்தது. ஆயினும் எழுத்தறிவும் எண்ணறிவும் பணம் பெறுவதற்கான பரீட்சைப் பொருள்களாகச் சுருங்கின. சரித்திரமோ பூமிசாத்திரமோ கற்பிக்கும் வேளையில் வாசிப்பைப் பற்றிக் கவலைகொள்ளத் தேவையில்லை. வாசிப்புக்கெனத் தனிவேளை உண்டு. தமிழ்ப் பாடத்தில் எண்ணைப் பற்றிப் பேசத் தேவையில்லை. கணிதத்துக்கெனத் தனி ஆசிரியர் உண்டு. இப்பாகுபாடு நன்கொடை முறை மறைந்த பின்னரும் ஆசிரியர் மனப்பாங்கில் நிலைத்துவிட்டது.

பாடசாலையின் கதவு யாருக்குத் திறந்தது என்னும் வினாவும் இக்காலத்திற் கூர்மையடைந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கிற் சமமாக அமரும் உரிமை 1930 ஆம் ஆண்டளவிற் கல்வித் திணைக்களத்தால் வலியுறுத்தப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமாசனத்தை ஆதரித்து நின்றது. வாங்கில் அமரும் உரிமை மறுக்கப்பட்ட பிள்ளைக்கு எழுத்தறிவு பற்றிய கோட்பாடுகளால் யாது பயன்? கற்பித்தல் முறை பற்றிய எவ்வாராய்ச்சியும் இவ்வினாவை முதற்கண் எதிர்கொள்ள வேண்டும்.

மீளிணைக்க முயன்ற திட்டங்கள்

பிளவுண்டதை மீள இணைக்கும் முயற்சிகளும் காலத்துக்குக் காலம் தோன்றின. கண்டிக்கு அண்மையிலுள்ள அந்தெஸ்ஸயில் 1930களில் உருவான கிராமக் கல்வித் திட்டம், கமத்தையும் கைப்பணியையும் சூழலையும் மையமாகக் கொண்டு வாசிப்பையும் கணிதத்தையும் கற்பிக்க விழைந்தது. 1937 இல் வார்தாவிற் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் இதே நெறியைச் சார்ந்ததாகும். நூல் நூற்கும் பிள்ளை நூலின் நீளத்தை அளக்கும், விலையைக் கணிக்கும், பருத்தியின் வரலாற்றை வாசிக்கும். ஆயின் ஆங்கிலமே உத்தியோகத்துக்கு வழி என்றிருந்த நாளில், கிராமப் பிள்ளைக்கு மாத்திரம் கமக்கல்வி என்பது ஏமாற்றாகவே பெற்றோர்க்குத் தோன்றியது. அவ்வையம் நியாயமற்றதன்று.

1945 இல் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய பாடசாலைகள் கிராமப்புறங்களில் எழுந்தன. வேலணையும் அத்தகைய பாடசாலையொன்றைப் பெற்றது. தாய்மொழி போதனாமொழியாக உயர்ந்தபோது, விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் சமூகக் கல்விக்கும் உரிய கலைச்சொற்கள் அரசகரும மொழித் திணைக்களத்தால் தொகுக்கப்பட்டன. தாய்மொழியிற் கற்பதனால் வாசிப்புப் பிரச்சினை தீர்ந்துவிட்டது எனப் பலர் கருதினர். ஆனால் வீட்டில் வழங்கும் தமிழுக்கும் விஞ்ஞானப் பாடநூலின் தமிழுக்கும் இடையே ஆழமான ஓர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியைக் கடக்கப் பிள்ளைக்குத் துணைபுரிய வேண்டியவர் தமிழாசிரியர் மாத்திரமல்லர் என்பது அக்காலத்திற் போதிய அளவு உணரப்படவில்லை.

1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் துணிவானதொரு முயற்சியாகும். ஆரம்ப வகுப்புகளில் ஒன்றிணைந்த கலைத்திட்டமும், இடைநிலையில் யாவருக்கும் பொதுவான கணிதமும் விஞ்ஞானமும் புகுத்தப்பட்டன. தொழின் முன்னிலைப் பாடங்கள் அறிமுகமாயின. மீன்பிடி போன்ற உள்ளூர்த் தொழில்களை வகுப்பறைக்குக் கொணர்ந்து, அவற்றின் கணக்கையும் விஞ்ஞானத்தையும் பொருளியலையும் ஆராய வைத்தமை தீவகப் பிள்ளைகளைப் பொறுத்தவரை புதிய வாய்ப்பாக அமைந்திருக்கக் கூடும். ஆயின் 1977 இன் ஆட்சி மாற்றத்தைத் தொடர்ந்து அத்திட்டம் கைவிடப்பட்டது. சீர்திருத்தம் வேர்விடுமுன் பெயர்த்தெறியப்படுவது இலங்கைக் கல்வியின் தொடர் சோகமாகும்.

தனிநாயகம் அடிகளும் உலகச் சிந்தனையும்

ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913 இற் பிறந்து, அங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரியில் இளமைக் கல்வி பெற்ற தனிநாயகம் அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வியியல் விரிவுரையாளராய்ப் பணியாற்றினார். பண்டைத் தமிழிலக்கியம் காட்டும் கல்விச் சிந்தனையே இலண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய கலாநிதிப்பட்ட ஆய்வின் பொருளாயிற்று. இலக்கியத்தைக் கல்வியியலாளர் கண்கொண்டும் கல்வியியலை இலக்கிய மாணாக்கர் கண்கொண்டும் நோக்கியமையே அடிகளாரின் தனிச்சிறப்பு. பாட எல்லைகள் ஆய்வுக்கு வேலிகளாக அமையலாகா என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

மேனாட்டிலும் இதனையொத்த சிந்தனை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. எழுத்தறிவுக்கு இணையாக எண்ணறிவு என்னும் கருத்தினைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 1959 ஆம் ஆண்டின் குறோதர் அறிக்கையில் இடம்பெற்றது. மொழிவளர்ச்சி எல்லாப் பாட ஆசிரியரதும் பொறுப்பு என 1975 இன் புலொக் அறிக்கை வலியுறுத்தியது. 1982 இன் கொக்குறொவ்ற் அறிக்கை, கணிதம் அன்றாட வாழ்விலும் பிற பாடங்களிலும் பயன்படும் திறனாதல் வேண்டும் என்றது. இவற்றை மேனாட்டுப் புதுமைகள் எனக் கொள்வதினும், ஊராத்துறையின் துறைமுக அலுவலன் அறிந்திருந்த உண்மையின் மீள்கண்டுபிடிப்புகள் எனக் கொள்வது பொருந்தும்.

இன்றைய பொறுப்பு

1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளைத் தொடர்ந்து தீவக மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். பாடசாலைகள் கட்டடங்களையும் மாணாக்கரையும் இழந்தன. மீண்டு வந்த ஊர்கள் பலவற்றில் மக்கள்தொகை முன்னைய நிலையை எய்தவில்லை. சிறு பாடசாலையொன்றில் ஓராசிரியரே பல பாடங்களைக் கற்பிக்க நேர்வதைக் குறையாகவே கூறுவர். ஆயின் அந்நிலையில் ஒருங்கிணைப்புக்கான வாய்ப்பும் உண்டு. 1998 இல் தொடங்கி மறு ஆண்டு நாடெங்கும் விரிவாக்கப்பட்ட ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்கு இடமளித்தது. பின்னர் வந்த தேர்ச்சி மையக் கலைத்திட்டமும் எழுத்தறிவையும் எண்ணறிவையும் யாவற்றுக்கும் பொதுவான அடிப்படைத் தேர்ச்சிகளாகக் கொண்டது. ஏட்டளவில் ஏற்கப்பட்ட இக்கொள்கை வகுப்பறையில் எவ்வாறு உயிர்பெறும் என்பதே இன்றுள்ள வினா.

விடைக்கு வேண்டிய பொருள் தீவுகளிலேயே உண்டு. வரலாற்று ஆசிரியர் நயினாதீவுக் கல்வெட்டின் விதியைக் கொடுத்து, உடைந்த கலத்தின் பொருளைப் பங்கிடுமாறு கேட்கலாம். அவ்வொரு வினாவில் வாசிப்பும் பின்னமும் நீதியும் அடங்கும். விஞ்ஞான ஆசிரியர் கிணற்று நீரின் உவர்த்தன்மை மாரியிலும் கோடையிலும் மாறுமாற்றை அட்டவணையிட்டு, அதனை ஒரு பந்தியில் விளக்கி எழுதச் சொல்லலாம். புவியியல் ஆசிரியர் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் கடல்வழியைத் தேசப்படத்தின் அளவுத்திட்டங் கொண்டு அளக்கச் செய்யலாம். கணித ஆசிரியர், விடையை மாத்திரமன்றி, அவ்விடைக்கு வந்த வழியையும் நல்ல தமிழில் எழுதுமாறு பணிக்கலாம். இவற்றுக்கு மேலதிகப் பாடவேளையோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை.

இவ்வாறு செய்யின் பாடப்பரப்பினை முடிக்கவியலாது என ஆசிரியர் சிலர் கூறுவர். பரீட்சையை முன்னிட்டு எழும் இத்தடையை இலேசாக ஒதுக்குதல் தகாது. ஆயின் வினாவின் மொழி விளங்காமையாற் கணிதத்தில் தவறும் பிள்ளையும், அட்டவணையை வாசிக்க அறியாமையாற் புவியியலில் தவறும் பிள்ளையும் அப்பரீட்சையிலேயே தோல்வியுறுகின்றனர் என்பதை மறத்தலாகாது. வினாவை வாசிக்க இயலாத பிள்ளைக்குப் பாடப்பரப்பு முடிந்தும் முடியாததே. அத்தோல்வி கணித ஆசிரியரின் ஏட்டில் ஒரு புள்ளியாகவும் தமிழாசிரியரின் ஏட்டில் இன்னொரு புள்ளியாகவும் பதியப்படுகின்றது; இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பார் இலர். வசதிபடைத்த வீட்டுப் பிள்ளைக்கு இவ்விடைவெளியைத் தனியார் கல்வி நிலையம் நிரப்பும். நெடுந்தீவிலோ எழுவைதீவிலோ கடற்றொழிலாளியின் பிள்ளைக்குப் பாடசாலையன்றி வேறு புகலிடம் பெரிதும் இல்லை. ஆகவே எல்லாப் பாடங்களினூடும் எண்ணையும் எழுத்தையும் வளர்ப்பது கற்பித்தல் நுட்பம் பற்றிய விடயம் மாத்திரமன்று. அது சமூக நீதி பற்றியதுமாகும்.

சாதியால் அடைபட்ட கதவைத் திறக்க ஒரு தலைமுறை போராடியது. கட்டணத்தால் அடைபட்ட கதவை இலவசக் கல்வி திறந்தது. திறந்த கதவினுள் நுழைந்த பிள்ளை பதினொரு ஆண்டுகள் அமர்ந்திருந்தும் ஒரு பத்திரத்தை வாசித்து அதன் கணக்கைச் சரிபார்க்க இயலாது வெளியேறுமாயின், அப்போராட்டங்களின் பயன் முழுமையடையாது. உடைந்த கலத்திலும் உடையவனின் பங்கை வகுத்து வழங்கிய விதி பொறிக்கப்பட்ட தீவகத்திலே, ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய பங்கு குறையாது சென்றடைதல் வேண்டும். அதனை வகுத்து வழங்கும் கடமை தமிழாசிரியர்க்கும் கணித ஆசிரியர்க்கும் மாத்திரமன்றி, வகுப்பறையில் நுழையும் ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் உரியதாகும்.